மருமகளின் உச்சந்தலை: தைலம் வேண்டாம், பயாப்ஸி வேண்டும்

கேள்வி: டொரொண்டோவில் இருக்கும் என் மகன், ஜமைக்கா வம்சாவளியைச் சேர்ந்த கறுப்பினப் பெண்ணை மணந்திருக்கிறான். மருமகளுக்கு 37 வயது. இரண்டு வருடங்களாக உச்சந்தலையில் முடி குறைந்துகொண்டே வந்து, இப்போது உள்ளங்கை அகலத்துக்கு மண்டை தெரிகிறது. சில நாட்களில் அந்த இடம் எரிகிறது என்கிறாள். ஒரு மருத்துவர் பரம்பரை வழுக்கை என்று சொல்லி, முடி வளர்வதற்கான மினாக்ஸிடில் மருந்தைக் கொடுத்தார். இன்னொருவர் இது தழும்பு விழும் வகையாக இருக்கலாம், தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்ய வேண்டும் என்கிறார். முடியை நேராக்க ரசாயனம் போட்டதுதான் காரணம் என்று அவளுடைய அம்மாவே அவளைத் திட்டுகிறாராம். கரிசலாங்கண்ணித் தைலம் காய்ச்சி அனுப்பலாமா? முடி திரும்ப வளருமா? ஆறு வயதுப் பேத்திக்கும் இது வருமா?

பதில்:

அம்மா, தைலம் அனுப்ப வேண்டாம். இரண்டாவது மருத்துவர் சொன்னபடி, முடிந்தால் இந்த மாதமே பயாப்ஸி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

நான் தோல் மருத்துவர். தலையை நேரில் பார்க்காமல் நோயின் பெயரை உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு முப்பதுகளில், உச்சிச் சுழியில் தொடங்கி வட்டமாக விரியும் முடியிழப்பு, இடையிடையே எரிச்சலுடன் வந்தால், வேறு நோய் என்று உறுதியாகும்வரை அதைத் தழும்பு விழும் முடியுதிர்வாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் முடிவு. மருத்துவ நூல்களில் இதன் பெயர் சென்ட்ரல் சென்ட்ரிஃப்யூகல் சிக்காட்ரிஷியல் அலோப்பீஷியா. சிசிசிஏ என்று சுருக்கிச் சொல்வார்கள். ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களுக்கு வரும் தழும்பு வகைகளில் மிகவும் பரவலானது இதுதான். தென்னாப்பிரிக்காவில் பெண்களிடம் நடந்த ஒரு கணக்கெடுப்பு 2.7 சதவீதம் என்றது. அமெரிக்காவில் நடந்த ஒன்று 5.6 சதவீதம் என்றது. ஆண்களுக்கும் வரும், ஆனால் குறைவு.

முடி திரும்ப வளருமா என்ற கேள்விக்கு நேரான பதில்: மயிர்க்கால் மூடிப்போன இடத்தில் வளராது. இன்னும் மூடாத இடத்தில் வளர வாய்ப்பு உண்டு. அவளுடைய தலையில் எது மூடிவிட்டது, எது இன்னும் திறந்திருக்கிறது என்பதுதான் இப்போது தெரிய வேண்டியது. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் திறந்திருப்பவற்றில் சில மூடுகின்றன. நான் அவசரப்படுத்துவது அதனால்தான்.

நம் ஊரில் புழுவெட்டு எல்லோருக்கும் தெரியும். காசு அளவில் முடி கொட்டும், பெரும்பாலும் சில மாதங்களில் பூனைமுடி போல எழும்பி, பிறகு பழையபடி வந்துவிடும். ஏனென்றால் அதில் மயிர்க்கால் உயிரோடுதான் இருக்கிறது. உடலின் எதிர்ப்பு சக்தி அதைத் தற்காலிகமாக முடக்கியிருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் அயன்னா பிரெஸ்லி 2020-ஆம் ஆண்டு தன் மொட்டைத் தலையைக் காட்டி வெளிப்படையாகப் பேசினாரே, அவருக்கு வந்தது அதன் கடுமையான வகை. கறுப்பினப் பெண்களின் முடியுதிர்வு என்றாலே பலர் அதையே நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் மருமகளுடையது அதுவல்ல என்றே நினைக்கிறேன். பரம்பரை வழுக்கையிலும் மயிர்க்கால் சாவதில்லை, மெலிந்து சிறுத்துப்போகிறது. பெண்களுக்கு வகிடு அகலமாகி உச்சியில் மண்டை தெரிவது அதிலும் உண்டு. முதல் மருத்துவர் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. பரம்பரை வழுக்கையும் தழும்பு வகையும் ஒரே தலையில் சேர்ந்து வருவதும் உண்டு.

தோலுக்கு அடியில் நடப்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், சிகிச்சையின் காரணம் அப்போதுதான் புரியும். முடித்தண்டைச் சுற்றி மயிர்க்காலுக்குள் ஓர் உள்ளுறை இருக்கிறது. முடி மேலே வர வர, எண்ணெய்ச் சுரப்பி திறக்கும் மட்டத்தில் அந்த உறை கழன்றுபோவது இயல்பு. இந்த நோயில் அது அதற்கு வெகு கீழேயே உதிர்ந்துவிடுகிறது. காப்பில்லாத முடித்தண்டு மயிர்க்காலின் சுவரை உறுத்துகிறது என்று கருதப்படுகிறது. லிம்ஃபோசைட் எனப்படும் வெள்ளணுக்கள் அங்கே கூடுகின்றன, எண்ணெய்ச் சுரப்பிகள் சுருங்கி மறைகின்றன, மயிர்க்காலைச் சுற்றி நார்த்திசு வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகப் படிகிறது. புது முடியை உண்டாக்கும் மூல அணுக்கள் மயிர்க்காலின் நடுப்பகுதியில் ஒரு புடைப்பில் இருக்கின்றன. அழற்சி அந்த இடத்தைத் தாக்கும்போது விதையே போய்விடுகிறது. வேரில் எதை ஊற்றினாலும் பயன் இல்லாத நிலை அதுதான்.

இவ்வளவும் நடக்கும்போது மேலே பெரும்பாலும் ஒன்றுமே தெரிவதில்லை. கருமையான தோலில் சிவப்பு எளிதில் கண்ணுக்குப் படாது. சிலருக்கு அரிப்பு, எரிச்சல், சீப்புப் பட்டால் வலி. பலருக்கு அதுவும் இல்லை. உச்சியில் மட்டும் முடி அடிக்கடி ஒடிகிறது என்பதே சில பெண்களிடம் முதல் அறிகுறி. ஒடிகிற முடிக்குப் புரதச் சிகிச்சை, ஆழ்ந்த கண்டிஷனிங் என்று அழகு நிலையத்தில் ஒரு வருடம் ஓடிவிடுகிறது. மருத்துவரிடம் வரும்போது நடுவில் தோல் பளபளவென்று, துளைகளே இல்லாமல், இழுத்துத் தைத்த துணியாகிவிட்டிருக்கும். அமெரிக்காவில் தோல் மருத்துவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 3 சதவீதம்தான். சுருள்முடித் தலையைப் பார்த்துப் பழகாத மருத்துவர் கை வைக்கவே தயங்கி, எட்ட நின்று பார்த்துவிட்டு மினாக்ஸிடில் எழுதி அனுப்புவதும் நடக்கிறது. உங்கள் மருமகளுக்கு அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தலையை யாராவது வகிடு வகிடாகப் பிரித்து உருப்பெருக்கி வைத்துப் பார்த்தார்களா என்று அவளிடம் கேளுங்கள்.

டெர்மாஸ்கோப் என்று கையடக்கமான ஒரு கருவி இருக்கிறது. வட்டத்தின் ஓரத்தில் அதை வைத்துப் பார்த்தால், கருந்தோலுக்கே உரிய தேன்கூட்டு வலைப்பின்னல் போன்ற நிறம் தெரியும். அதன் நடுவே சில முடிகள் வெளிவரும் இடத்தைச் சுற்றி மட்டும் சாம்பல் கலந்த வெள்ளை வளையம் இருக்கும். அந்த வளையம்தான் அடியில் படிந்துகொண்டிருக்கும் நார்த்திசு. அதைப் பார்த்துவிட்டால் எந்த இடத்தில் பயாப்ஸி எடுப்பது என்பதும் முடிவாகிவிடும். முழுக்க வழுக்கையான நடுப்பகுதியில் எடுத்தால் பழைய தழும்பு மட்டுமே கிடைக்கும், என்ன நோய் என்று சொல்ல முடியாது. வளையம் உள்ள, இன்னும் முடி நிற்கிற ஓரத்தில் எடுக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டு, 4 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு சிறு உருளையாகத் தோலை எடுப்பார்கள். ஒன்றிரண்டு தையல். மறுநாள் வேலைக்குப் போகலாம்.

பயாப்ஸிக்கு இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தலையில் தழும்பு விழவைக்கும் நோய்கள் வேறு சிலவும் இருக்கின்றன. அவற்றில், உடலின் எதிர்ப்பு சக்தியே தோலைத் தாக்கும் டிஸ்காய்டு லூபஸ், கறுப்பினப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுவது. அதற்கான மருந்தும் கவனிப்பும் வேறு. லைக்கன் பிளானோபைலாரிஸ் என்று இன்னொன்று. கண்ணால் பார்த்து மட்டும் இவற்றைப் பிரிப்பது அனுபவசாலிகளுக்கே கடினம்.

இப்போது அவளுடைய அம்மாவின் கோபத்துக்கு வருகிறேன். இந்த நோயின் வரலாறே கறுப்பினப் பெண்களைக் குற்றம் சொல்லித்தான் தொடங்கியது. 1968-இல் ஆல்பர்ட் கிளிக்மன் உள்ளிட்ட மூன்று அமெரிக்க மருத்துவர்கள் இதை முதலில் விவரித்தபோது வைத்த பெயர் 'ஹாட் கோம்ப் அலோப்பீஷியா'. அடுப்பில் சூடேற்றிய உலோகச் சீப்பால், வாசலின் போன்ற பிசுக்கைத் தடவி, சுருள்முடியை இழுத்து நேராக்குவது அன்றைய வழக்கம். உருகிய பிசுக்கு முடித்தண்டு வழியே இறங்கி மயிர்க்காலைச் சுட்டுவிடுகிறது என்பது அவர்களுடைய கருத்து. கேட்கப் பொருத்தமாக இருந்ததால் அப்படியே நிலைத்துவிட்டது. 24 ஆண்டுகள் கழித்து, 1992-இல், ஸ்பெர்லிங், சாவ் என்ற இரு மருத்துவர்கள் கறுப்பின நோயாளிகளை மறுபடி கவனமாக ஆராய்ந்தார்கள். சூட்டுச் சீப்பைத் தொட்டே இராதவர்களுக்கும் நோய் இருந்தது. விட்டுப் பல வருடங்கள் ஆனவர்களுக்கும் நோய் முன்னேறிக்கொண்டிருந்தது. உள்ளுறை சீக்கிரமே உதிர்வதை முன்வைத்து, மயிர்க்கால் சிதைவு நோய் என்ற பொருளில் அவர்கள் வேறு பெயர் வைத்தார்கள். இப்போதைய பெயர் 2001-இல் நடந்த வட அமெரிக்க நிபுணர்களின் கூட்டத்தில் முடிவாகி, 2003-இல் அச்சில் வந்தது. சீப்பு பெயரிலிருந்து போய்விட்டது. ஆனால் அம்மாக்களின் வாயிலிருந்தும் சில மருத்துவர்களின் வாயிலிருந்தும் இன்னும் போகவில்லை.

பெரிய திருப்பம் 2019-இல் வந்தது. டர்பனில் பணிபுரியும் தோல் மருத்துவப் பேராசிரியர் நகோசா டுலோவா, தென்னாப்பிரிக்கக் குடும்பங்களில் இந்த நோய் தாயிடமிருந்து மகளுக்கு வருவதை அதற்கு முன்பே கவனித்து எழுதியிருந்தார். பிறகு அவரும் அமெரிக்க, இஸ்ரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து நோயாளிகளின் மரபணுக்களைப் படித்தார்கள். ஆய்வில் இருந்த 58 பெண்களில் 14 பேரிடம் பிஏடிஐ3 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. முடித்தண்டுக்கு வடிவமும் உறுதியும் கொடுக்கும் ட்ரைக்கோஹயலின் என்ற புரதத்தைப் பதப்படுத்தும் நொதியை உண்டாக்குவது அந்த மரபணு. நொதி சரியாக வேலை செய்யாவிட்டால் முடி உருவாகும் இடத்திலேயே கோளாறு தொடங்கிவிடுகிறது. ஆகவே, அம்மா, சம்பந்தியம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்: மகள் தலையில் போட்ட ரசாயனத்தைத் திட்டுவதற்கு முன், தன் உச்சந்தலையையும் தன் அக்கா தங்கைகளின் உச்சந்தலையையும் அவர் ஒரு முறை பார்க்கட்டும். அங்கும் முடி மெலிந்திருந்தால் அந்தத் தகவல் மருத்துவருக்கு மிகவும் பயன்படும்.

அதே சமயம், 58 பேரில் 44 பேருக்கு அந்த மாற்றம் இல்லை என்பதும் உண்மை. மரபணு முழுக்கதை அல்ல. இறுக்கமான பின்னல், சவுரி வைத்துத் தைப்பது, ரிலாக்ஸர் எனப்படும் நேராக்கும் ரசாயனம் ஆகியவற்றுக்கு இந்த நோயில் என்ன பங்கு என்பதில் ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு, உச்சியில் முடியிழந்த பெண்களிடம் இழுவை தரும் பின்னல்களும் சர்க்கரை நோயும் தலையில் கிருமித்தொற்றும் கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. வேறு ஆய்வுகளில் ரிலாக்ஸருக்குத் தொடர்பு தென்படவில்லை. என் பார்வையில், ஏற்கெனவே பலவீனமான மயிர்க்காலை இழுப்பதும் சுடுவதும் காரத்தால் எரிப்பதும் கெடுதலே. நோய் இருக்கும்வரை இவை மூன்றையும் நிறுத்திவிட வேண்டும். ஆனால் நிறுத்துவது சிகிச்சைக்கு உதவி, அவ்வளவுதான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இயற்கை முடியோடு இருந்த பெண்களுக்கும் இது பரவியிருக்கிறது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். சுருள்முடியை அப்படியே விட்டுக்கொண்டு வேலைக்குப் போனால் 'ஒழுங்காக இல்லை' என்று சொல்லப்படும் சமூகத்தில் அந்தப் பெண்கள் வளர்ந்திருக்கிறார்கள். முடியின் இயல்பை வைத்து வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று அமெரிக்காவில் ஒரு மாநிலம், கலிஃபோர்னியா, முதன்முதலாகச் சட்டம் போட்டதே 2019-இல்தான். முடியை நேராக்கியதற்காக அவளைத் திட்டுவது நியாயமே இல்லை.

சிகிச்சை எப்படிப் போகும் என்று சொல்கிறேன். முதல் வேலை அழற்சியை அணைப்பது. குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டைத் தலையில் தடவக் கொடுப்பார்கள். அதோடு ட்ரையாம்சினலோன் ஊசியை, நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை, வட்டத்தின் ஓரம் நெடுகச் சிறு சிறு துளிகளாகத் தோலுக்குள் போடுவார்கள். நடுவில் போட்டுப் பயன் இல்லை, நோய் முன்னேறும் எல்லை ஓரம்தான். டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் பல மாதங்களுக்குச் சேர்ப்பது வழக்கம். அது ஆண்டிபயாட்டிக் என்றாலும் இங்கே கொடுப்பது அழற்சியைக் குறைக்கத்தான், 'தலையில் கிருமியா' என்று பயப்பட வேண்டாம். கர்ப்பத் திட்டம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இவற்றுக்கு நோய் அடங்காவிட்டால் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், அதற்கு மேல் வேறு மருந்துகள். மினாக்ஸிடிலை நிறுத்தச் சொல்லவில்லை. உயிரோடிருக்கும் மயிர்க்காலுக்கு அது உதவும். ஆனால் அழற்சியை அது தொடாது. அது மட்டுமே போதும் என்று விட்டதுதான் இத்தனை நாள் வீணானதற்குக் காரணமாக இருக்கலாம்.

நம்பிக்கை தரும் ஒரு புதிய திசையும் இருக்கிறது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரிஸ்டல் அகு என்ற மருத்துவரின் குழு, இந்த நோயை உடலில் நார்த்திசு மிகையாகப் படியும் நோய்களில் ஒன்றாகப் பார்க்கிறது. 2024-இல் அவர்கள் 12 பெண்களுக்கு, வழக்கமான சிகிச்சை கைகொடுக்காத நிலையில், சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைக் குறைந்த அளவில், நாளுக்கு 500 மில்லிகிராம், கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு எரிச்சல் தணிந்தது, சிலருக்கு முடியே திரும்ப வளர்ந்தது. 12 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. யாரும் மெட்ஃபார்மினைத் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். ஆனால் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்கலாம்.

அதே குழு 2018-இல் வெளியிட்ட ஒரு தகவலை மருமகளிடம் தவறாமல் சொல்லுங்கள். 4,87,104 கறுப்பினப் பெண்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்ததில், இந்த முடிநோய் உள்ளவர்களில் 13.9 சதவீதத்தினருக்குக் கருப்பை நார்க்கட்டி இருந்தது. நோய் இல்லாதவர்களில் 3.3 சதவீதத்தினருக்குத்தான். ஒன்றால் மற்றொன்று வருகிறது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமாக இருந்தாலோ, அடிவயிறு கனத்தாலோ, 'எல்லாருக்கும் இருப்பதுதான்' என்று விடாமல் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். ரத்தம் அதிகம் போனால் இரும்புச்சத்து குறையும், அது மிச்சமிருக்கும் முடியையும் கொட்டச் செய்யும். ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்புச்சத்தின் இருப்பு), தைராய்டு, சர்க்கரை மூன்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடலாம்.

முடி மாற்று அறுவை பற்றி இணையத்தில் விளம்பரங்கள் வரும். அதற்குக் குறைந்தபட்சம் ஒரு வருடமாவது நோய் முழுக்க அடங்கியிருக்க வேண்டும். அதற்கு முன் நட்டால் நட்டதையும் நோய் தின்றுவிடும். மேலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரின் மயிர்க்கால் தோலுக்கு அடியிலேயே வளைந்திருக்கும். நேராகத் தோண்டிப் பழகிய கை அதை வெட்டிக் கெடுத்துவிடும். சுருள்முடியில் அனுபவம் உள்ளவரிடம், முதலில் சில முடிகளை நட்டுச் சோதித்துப் பார்த்த பிறகே முழுமையாகச் செய்ய வேண்டும்.

ஒண்டாரியோவில் தோல் மருத்துவரைப் பார்க்கக் குடும்ப மருத்துவரின் கடிதம் வேண்டும், காத்திருப்பும் நீளம். 'முடியுதிர்வு' என்று மட்டும் எழுதினால் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். 'தழும்பு விழும் முடியுதிர்வு என்று சந்தேகம், பயாப்ஸி தேவை' என்று கடிதத்தில் எழுதச் சொல்லட்டும். காத்திருக்கும் காலத்தில் ஸ்டீராய்டு தடவத் தொடங்கலாமா என்றும் குடும்ப மருத்துவரிடமே கேட்கட்டும். போகிற அன்று பின்னலைப் பிரித்து, சவுரியோ விக்கோ இல்லாமல், எண்ணெயும் முடியை அடர்த்தியாகக் காட்டும் பொடியும் போடாமல் போக வேண்டும். பல மணி நேரமும் பணமும் செலவழித்துப் பின்னியதைப் பிரிப்பது அவளுக்குப் பெரிய வேலை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பின்னலுக்கு நடுவே எட்டிப் பார்த்து யாராலும் நோயைக் கண்டுபிடிக்க முடியாது. இப்போதே, நல்ல வெளிச்சத்தில், மேலிருந்து மகன் ஒரு புகைப்படம் எடுத்து வைக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே கோணத்தில் எடுத்தால் வட்டம் நின்றதா, பரவுகிறதா என்பது தெரிந்துவிடும். இந்த நோயில் வட்டம் நின்றாலே சிகிச்சை வெற்றி; அதை அவள் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது, இல்லாவிட்டால் முடி வரவில்லையே என்று பாதியில் விட்டுவிடுவாள்.

தைலத்தை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், எரிச்சல் உள்ள தலையில் மூலிகையும் சின்ன வெங்காயச் சாறும் எரிச்சலைக் கூட்டும். சிலருக்கு ஒவ்வாமையே வரும். கனமான எண்ணெய் பொடுகு அழற்சியையும் வளர்க்கும். எரிச்சலெல்லாம் தணிந்த பிறகு, முடியின் நுனிகளுக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுவதில் தவறில்லை. சுருள்முடி சீக்கிரம் வறளும், எனவே நுனிக்கு அது நல்லதுதான்.

பேத்தி விஷயம். குடும்பத்தில் வரும் வகையாக இருந்தால் அவளுக்கும் வாய்ப்பு உண்டு, நிச்சயம் என்று இல்லை. இது குழந்தைகளின் நோய் அல்ல. இப்போது பரிசோதனை எதுவும் தேவையில்லை. இப்போது கவனிக்க வேண்டியது பின்னலின் இறுக்கத்தை. பின்னிய அன்று இரவு தலை வலிக்கிறது என்று குழந்தை சொன்னாலோ, நெற்றி ஓரத்திலும் காதுக்கு மேலும் சிறு பருக்கள் எழுந்தாலோ, அன்றே தளர்த்திவிட வேண்டும். நம் வீடுகளில் இறுக்கிப் பின்னினால்தான் முடி வளரும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்திருக்கிறோம். இந்தக் குழந்தையின் தலையில் அதைச் செய்ய வேண்டாம். ரிலாக்ஸரை அவள் வளரும்வரை யோசிக்கவே வேண்டாம். பெரியவளான பிறகு உச்சியில் மட்டும் முடி ஒடியத் தொடங்கினால், அழகு நிலையத்துக்குப் போவதற்கு முன் தோல் மருத்துவரிடம் போய், அம்மாவுக்கு இருந்த நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்காகவாவது மருமகளின் பயாப்ஸி அறிக்கையைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.